கட்டும் பட்டியலும்

(உலக ஆவணக் காப்பக நாளையொட்டி நாகர்கோவிலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'ஆவணக் காப்பாளர், அருங்காட்சியகம்' என்று அச்சிட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அப்பம் நீரு சிலையைத் தொடைக்கிற ஆளு இல்லியா வேய்?" என்றார். "இல்லை அண்ணாச்சி, நான் ஓலையும் தாளும் பார்க்கிற ஆள்" என்றேன். "அதுல பாக்கதுக்கு என்னவே இருக்கு? சிலைன்னா கும்பிடலாம். பழைய காசுன்னா விலை போவும். ஓலை அடுப்புக்குத்தான் ஆவும்" என்றார். அவரும் இங்கே வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில். இன்றைய பேச்சு அவருக்கு நான் சொல்லும் பதில். மற்றவர்களும் கூட இருந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

1948ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி யுனெஸ்கோவின் துணையோடு பன்னாட்டு ஆவணக் காப்பகப் பேரவை தோன்றியது. அதனால்தான் இந்த நாளை உலகெங்கும் ஆவணக் காப்பக நாளாகக் கொண்டாடுகிறார்கள். நம் ஊரில் ஜூன் 9க்கு வேறொரு பொருளும் உண்டு. இடவப்பாதி மழை பிடித்திருக்கும். ஊரார் குளம் நிறைந்ததா என்று பார்ப்பார்கள். நான் சுவர் ஊறியிருக்கிறதா என்று பார்ப்பேன். மேற்குச் சுவரில் ஒரு கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அடுப்பும் ஓலையும்

ஓலை அடுப்புக்குத்தான் ஆகும் என்று அண்ணாச்சி சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. அவருக்கே தெரியாமல் சொல்லிவிட்டார். நம் பழைய வீடுகளில் ஓலைக்கட்டுகள் பெரும்பாலும் அடுக்களைக்கு மேலே மச்சில்தான் கிடந்தன. கீழே அடுப்பு எரியும். புகை மேலே போய் ஓலையில் படியும். புகை படிந்த இடத்தைப் பூச்சி நெருங்காது. அடுப்புச் சூட்டில் ஈரமும் நிற்காது. யாரும் திட்டம் போட்டுச் செய்த பாதுகாப்பு இல்லை. ஆனாலும் அந்த வீட்டு ஓலைகள் கரி பிடித்துக் கறுத்துப்போனாலும் உடையாமல் வந்து சேர்ந்திருக்கின்றன.

பிறகு கான்கிரீட் வீடு வந்தது. கேஸ் அடுப்பு வந்தது. பாட்டாவின் ஓலைக்கு மரியாதை செய்வதாக நினைத்துப் பேரன் அதைப் பாலித்தீன் பையில் சுற்றி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினான். அடுத்த மழைக்கே பைக்குள் வியர்த்தது. பூஞ்சை பிடித்தது. ஏடும் ஏடும் ஒட்டிக்கொண்டு கட்டு முழுக்க ஒரே பலகையாயிற்று. அன்பு மிகுந்து செத்த ஓலைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் பல மாவட்டங்களுக்கு வடகிழக்குப் பருவமழை ஒன்றுதான் பெரிய மழை. நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அதனால்தான் நாஞ்சில் வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ விளைந்தது. நெல்லுக்கு வரமான அதே ஈரம் ஓலைக்குச் சாபம். ஆண்டில் காற்று உலர்ந்திருக்கும் மாதங்களை எண்ண ஒரு கை விரல் போதும். கறையான் தரையிலிருந்து ஏறும். இராமபாணப் பூச்சி ஏட்டின் இந்தப் பக்கத்தில் துளைபோட்டு அந்தப் பக்கம் வரும். நூறு ஏட்டை ஒரே நேர்கோட்டில் துளைத்துப் போயிருப்பதைப் பார்த்தால், அதற்குப் பெயர் வைத்தவன் இரசிகன் என்று தோன்றும்.

எங்கள் வேலை பெரும்பாலும் சலிப்பூட்டுவது. மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவது. ஒட்டிய ஏடுகளை அவசரப்படாமல் பிரிப்பது. காய்ந்து விறைத்த ஏட்டுக்கு எலுமிச்சம்புல் எண்ணெயை மெல்லப் பூசி வளைவு கொடுப்பது. எழுத்து மங்கியிருந்தால் விளக்குக்கரியைத் தடவித் துடைப்பது. எழுத்தாணி கீறிய பள்ளத்தில் கரி தங்கும், மற்ற இடம் வெளுக்கும், அதுவரை வெறும் ஓலையாகக் கிடந்தது பேசத் தொடங்கும். தாளாக இருந்தால் கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வது. அந்தப் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

காணமா, கரணமா?

ஓலை பேசத் தொடங்கிவிட்டது என்றேன். என்ன பேசுகிறது என்று தெரிவது அடுத்த பாடு. ஏட்டில் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ரகரத்துக்கும் கால் வாங்குவதற்கும் ஒரே கோடுதான். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே ஏட்டில் இருக்கும் ஒரு சொல்லைக் 'கரணம்' என்றும் படிக்கலாம், 'காணம்' என்றும் படிக்கலாம். கரணம் என்றால் கணக்கும் ஆவணமும் சார்ந்த சொல். காணம் என்றால் பழைய பொன், அல்லது நாம் துவையல் அரைக்கிற காணப்பயறு. ஒரு கோட்டை எப்படிப் படிக்கிறோம் என்பதில் கணக்குப்பிள்ளை பயறாகிவிடுவார். நெல் பத்துக் 'கோட்டை' என்று எழுதியிருப்பதை, நாஞ்சில் நாட்டு அளவை தெரியாதவர் 'கொட்டை' என்று படித்துவிட்டு, இது என்ன கொட்டை என்று ஆராய்ச்சிக்குப் போவார்.

எண்களும் அப்படியே. இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. இவற்றுக்கெல்லாம் தனித்தனிக் குறிகள். ஒரு குறியைத் தவறாகப் படித்தால் ஒரு வயலின் கால்பங்கு காணாமல் போகும். அப்புறம் எழுத்து. தமிழெழுத்து, வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என்று, திருவிதாங்கூருக்கு முன்னோடியான வேணாட்டில் பல எழுத்துகள் புழங்கின. மொழியோ தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து நடக்கும். நாகர்கோவில் சந்தையில் இன்றைக்கும் நாம் பேசுகிற மாதிரிதான்.

ஆண்டு கொல்லம் ஆண்டு. 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். திருவிதாங்கூர் வழக்கில் கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணியில். கொல்லம் 930 ஆவணி என்றால் அது 1754. அதே 930 தை மாதம் என்றால் பொங்கலுக்கு முன்பே ஆங்கில ஆண்டு மாறியிருக்கும், 1755. ஒரு படையெடுப்புக்கு முன்னா பின்னா, ஓர் அரசர் இறப்பதற்கு முன்னா பின்னா என்ற கேள்விக்கு விடை பல நேரம் இந்த ஒரு ஆண்டுக்குள்தான் இருக்கும்.

நான் அவிழ்த்த கட்டு

இனி என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பழைய தறவாட்டு வீட்டிலிருந்து மூன்று ஓலைக்கட்டுகள் வந்தன. பத்தாயத்துக்குப் பின்னால் கிடந்தவை. கொண்டுவந்து தந்த ஆச்சி, "மக்களே, எங்க அம்மாவன் காலத்துலருந்து இப்பிடியேதான் கெட்டிக் கெடக்கு, நாங்க யாரும் தொட்டதில்ல" என்றார். அவர் சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு உற்சாகம். மூன்று கட்டையும் அவிழ்த்தேன். சுத்தம் செய்தேன். எல்லா ஏடுகளையும் கொல்லம் ஆண்டு வரிசையில் அடுக்கினேன். ஒற்றி ஓலைகள் ஒரு பக்கம், பற்றுச்சீட்டுகள் ஒரு பக்கம், விலை ஓலைகள் ஒரு பக்கம். புதிய நூல், புதிய சட்டம், வரிசை எண். பார்க்க அவ்வளவு அழகு. சில மாதம் கழித்து ஓர் ஆய்வாளர் வந்தார், வயதானவர். இரண்டு நாள் உட்கார்ந்து படித்தார். மூன்றாம் நாள் என்னிடம் கேட்டார்: "இந்த ஒற்றியும் இந்தப் பற்றுச்சீட்டும் வரும்போது ஒரே கட்டிலா இருந்தன?"

எனக்குப் பதில் இல்லை.

பிறகுதான் விளங்கியது. அந்த வீட்டுக் காரணவர், அதாவது குடும்பத் தலைவர், ஒவ்வொரு வழக்கையும் ஒரு கட்டாக வைத்திருந்திருக்கிறார். வயலை ஒற்றி வைத்த ஓலை, அதற்கு ஆண்டுதோறும் கட்டிய நெல்லுக்கான சீட்டுகள், நடுவில் வந்த தகராறு, கடைசியில் மீட்ட ஓலை, எல்லாம் ஒரே நாராசத்தில் கோத்திருந்தன. ஒரு கட்டு ஒரு வயலின் முழுக்கதை. நான் அந்தக் கதைகளை எல்லாம் பிய்த்து, ஒற்றிகளை ஒற்றிகளோடும் சீட்டுகளைச் சீட்டுகளோடும் சேர்த்துவிட்டேன். ஓர் ஏடுகூடத் தொலையவில்லை. ஆனால் எந்தச் சீட்டு எந்த வயலுக்கு என்பது தொலைந்துவிட்டது. பல ஓலைகளில் வயலின் பெயரே இல்லை. கட்டுதான் அதன் பெயராக இருந்தது.

1841இல் பிரெஞ்சு நாட்டு உள்துறை அமைச்சகம் தன் காப்பகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஓர் அலுவலகத்திலிருந்தோ குடும்பத்திலிருந்தோ வந்த ஆவணங்களைப் பிறவற்றோடு கலக்காமல் ஒன்றாகவே வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். உலகத்து ஆவணக் காப்பாளர்கள் எல்லோருக்கும் அதுதான் இன்றைக்கும் முதல் பாடம். பாடப்புத்தகத்தில் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். ஆச்சி ஒரே வரியில் சொன்னதைத்தான் பிடிக்கத் தவறினேன்.

இப்போது எங்களிடம் ஒரு கட்டு வந்தால் நூலைத் தொடுவதற்கு முன் முடிச்சைப் படம் எடுக்கிறோம். மேலிருந்து கீழாக ஒவ்வொரு ஏட்டுக்கும் அது இருந்த இடத்தை எண்ணிட்டுக் குறிக்கிறோம். எந்த வீடு, எந்த அறை, மச்சா பத்தாயமா, யார் தந்தார், அவர் என்ன சொன்னார், இதெல்லாம் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறிய பிறகுதான் கட்டு அவிழும். இன்றைக்கு எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஓலையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, 'பாதுகாத்தாச்சு' என்கிறார்கள். எந்தக் கட்டில் எத்தனையாவது ஏடு என்ற குறிப்பு இல்லாமல் ஆயிரம் படம் இருந்தால், நான் அன்றைக்குக் கையால் செய்த தவறை அவர்கள் இயந்திரத்தால் செய்கிறார்கள் என்று பொருள்.

ஊர் மாறிய பட்டயம்

ஆவணம் தன் இடத்தை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே பழைய சான்று ஒன்று உண்டு. பழைய விளவங்கோடு வட்டத்தில் முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரம் இருக்கிறது. 866ஆம் ஆண்டு ஆய் அரசன் கருநந்தடக்கன் அங்கே விஷ்ணு கோயில் எடுத்து, காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு, 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள், படிக்க ஒரு சாலையும் வைத்தான். கோயிலுக்கான நிலத்தை முஞ்சிறைச் சபையாரிடமிருந்து பெற்ற விவரமும், மாணவர்கள் ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரக்கூடாது என்ற கட்டுப்பாடும், மீறினால் தண்டம் என்பதும் இதைப் பதிந்துவைத்த செப்பேடு ஒன்றில் உண்டு. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுக்கு முன் நம் ஊரில் இருந்த ஒரு கல்லூரியின் விடுதி விதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செப்பேட்டை வரலாற்று நூல்கள் என்ன பெயரால் அழைக்கின்றன தெரியுமா? 'ஹஜூர் ஆபீஸ் பட்டயம்.' திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசின் தலைமை அலுவலகமான ஹஜூர் கச்சேரியில் அது கிடைத்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1908 முதல் திருவிதாங்கூர்த் தொல்லியல் துறையை நடத்திய து. அ. கோபிநாத ராவ் அதை அச்சிட்டு உலகுக்குத் தந்தார். அவர் இல்லாவிட்டால் நமக்குப் பார்த்திவபுரத்துச் சாலையே தெரிந்திருக்காது. அந்தக் கடன் பெரியது. ஆனாலும் பார்த்திவபுரத்தில் பிறந்த பட்டயம், கடைசியாகத் தங்கிய அலுவலகத்தின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது. வீட்டில் பிறந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரிப் பெயரையே வைத்த மாதிரி.

நம் மாவட்டத்துக்கு இது பொதுவான விதி. 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மக்கள் சேர்ந்தார்கள், மண் சேர்ந்தது. திருவிதாங்கூர் அரசின் நீட்டுகள் என்னும் அரச ஆணைகளும் தலைமை அலுவலகக் கோப்புகளும் திருவனந்தபுரத்திலேயே நின்றன. கல்குளம் வட்டத்தில் நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனையை இன்றைக்கும் கேரளத் தொல்லியல் துறைதான் நிர்வகிக்கிறது. குறை சொல்லவில்லை, அவர்கள் நன்றாகவே பேணுகிறார்கள். நம் சரித்திரம் எங்கெங்கே கிடக்கிறது என்று கணக்குப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

1741 குளச்சல் போரை எடுத்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் தரப்பைத் திருவனந்தபுரத்தில் தேட வேண்டும். டச்சுக் கம்பெனியின் கணக்குகளும் கடிதங்களும் நெதர்லாந்தில் தி ஹேக் நகரத் தேசியக் காப்பகத்தில் இருக்கின்றன. கொச்சியில் இருந்த டச்சு ஆவணங்களோ சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். குளச்சலில் என்ன இருக்கிறது? வெற்றித் தூணும் கடலும்.

இன்னொன்று. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது முதல் இலண்டன் மிஷன்காரர்கள் எழுதிய கடிதங்கள், அறிக்கைகள் எல்லாம் கப்பலேறின; இன்றைக்கு இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆப்பிரிக்கக் கல்விப் பள்ளி நூலகத்தில் இருக்கின்றன. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் பற்றி ஆராய்கிறவர் 1859 ஜூலை 26 அரச விளம்பரத்தைத் திருவனந்தபுரத்திலும் மிஷன் கடிதங்களை இலண்டனிலும் பார்க்க வேண்டும். ஒன்றில் அது அமைதிக்குலைவு. மற்றொன்றில் அது சமயத் துன்பம். சீலை கிழிக்கப்பட்ட பெண் தானே எழுதிய தாள் எந்த ஊரிலும் இல்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

கவிமணி திறந்த பெட்டி

அரசு ஆவணங்கள் வெளியூர் போனால் போகட்டும், வீடுகளில் இருந்தவை? இங்கேதான் தேரூர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையை நன்றியோடு நினைக்க வேண்டும். அவரைக் குழந்தைப் பாடல் எழுதியவராகத்தான் பள்ளிக்கூடம் நமக்குக் காட்டியது. அவர் கல்வெட்டும் ஓலையும் படித்த ஆய்வாளர். காந்தளூர்ச் சாலையைப் பற்றி நூல் எழுதியவர். அழகியபாண்டியபுரத்தில் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளைக் கண்டெடுத்துப் படித்து, 'கேரள சொசைட்டி பேப்பர்ஸ்' ஆய்விதழில் வெளியிட்டார். நம் காலத்தில் அ. கா. பெருமாள் அந்த ஓலைகளை 'முதலியார் ஓலைகள்' என்ற நூலாகத் தந்திருக்கிறார்.

முதலியார் என்பது அங்கே சாதிப் பெயரில்லை. வேணாட்டு அரசர்கள் ஒரு வேளாளக் குடும்பத்துக்குக் கொடுத்த பட்டம். நாஞ்சில் நாட்டு நிர்வாகமும் வரி தண்டுவதும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. அதனால் அரசனின் நீட்டு அங்கே வந்தது. ஊராரின் முறையீடு அங்கே வந்தது. நாட்டார் கூடி எடுத்த முடிவு அங்கே வந்தது. மதுரை நாயக்கர் படை வந்து பயிரை அழித்தது, ஆற்று நீரைப் பங்கிட்டது, நிலம் விற்றது, ஒற்றி வைத்தது, ஆளை விற்றது என்று ஒரு நாட்டின் அன்றாடம் ஒரு வீட்டுப் பெட்டியில் சேர்ந்தது. கல்வெட்டு, கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லும். ஓலை, கொடுக்க முடியாமல் தவித்ததைச் சொல்லும்.

வரலாறு எழுத ஒருநாள் உதவும் என்று நினைத்து அந்தக் குடும்பம் அவற்றை வைத்திருக்கவில்லை. வழக்கு வந்தால் காட்டுவதற்கு வைத்திருந்தார்கள். ஓலை என்பது உரிமை. உரிமை இருக்கும்வரை ஓலைக்கு உயிர் உண்டு. உரிமை போனால் ஓலை குப்பை. நாஞ்சில் நாட்டு வேளாளரின் மருமக்கள்வழியை எடுத்துக்கொள்ளுங்கள். சொத்து மருமகனுக்குப் போகும். மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்று ஒரு பங்கு. அதற்கு ஓலை உண்டு, கோர்ட்டு உண்டு, கண்ணீர் உண்டு. கவிமணி அதைப் பார்த்துத்தான் 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதினார். கொல்லம் 1101இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது, முறை மாறியது. தறவாடுகள் பாகம் பிரிந்தன. புதிய பத்திரம் ரிஜிஸ்தர் ஆனதும் பழைய ஓலைக்கு வேலை போயிற்று. அந்த நாளில் எத்தனை கட்டுகள் ஆற்றோடு போயினவோ, அடுப்பேறினவோ. உ. வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போனபோது, அவை ஆகம முறைப்படி நெருப்பில் இடப்பட்டுவிட்டன என்று சொன்னார்களாம். இலக்கியச் சுவடிக்கே அந்தக் கதி என்றால் ஒற்றிச் சீட்டுக்கு யார் அழுவார்கள்?

ஆகவே அண்ணாச்சிக்கு என் முதல் பதில் இது: ஓலையில் பார்க்க என்ன இருக்கிறது என்றால், சிலையில் இல்லாதவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.

பெயரைத் தேடி வந்த பிள்ளை

இந்தப் பதிலை நானே முழுதாக நம்பியிருந்தேன், ஒரு மாணவி வரும்வரை.

கல்லூரியில் வரலாறு படிக்கும் பிள்ளை. தன் குடும்பத்தின் முன்னோர் அடிமைகளாக இருந்தார்கள் என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவள். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் அரச விளம்பரத்தால் முடிந்தது. அதற்கு முன்பு நிலத்தோடும் தனியாகவும் ஆட்கள் விலைபோனார்கள். அந்த ஆண்டுகளைச் சேர்ந்த அடிமை ஓலைகள் உங்களிடம் உண்டா என்று கேட்டாள். உண்டு. பட்டியலை எடுத்துக் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன், நானே தயாரித்த பட்டியல்.

அதில் ஒவ்வொரு அடிமை ஓலைக்கும் ஒரு வரி. 'அடிமை விலை ஓலை', கொல்லம் ஆண்டு, விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், தொகை. விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். கடைசிவரை பார்த்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள்: "சார், வித்தவங்க பேரு இருக்கு, வாங்கினவங்க பேரு இருக்கு. விக்கப்பட்டவங்க பேரு ஓலையில இருக்காதா?"

இருக்கிறது. நான் படித்திருக்கிறேன். யாரை விற்கிறோம் என்று சொல்லாமல் விற்க முடியாது அல்லவா? விற்றவர் எழுதினார், ஏனென்றால் அது சரக்கின் அடையாளம். ஓலையை எழுதிய கணக்கன்கூட விடாத பெயரை, இருநூறு ஆண்டு கழித்து, சம்பளம் வாங்கிக்கொண்டு, பட்டியல் போடும்போது நான் விட்டிருக்கிறேன். ஆவணத்தின் 'தரப்பினர்' இருவர் என்று என் படிப்பு சொல்லிக் கொடுத்திருந்தது. மூன்றாவது ஆள் எனக்குத் தரப்பாகத் தெரியவில்லை.

எனக்கு அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. பெட்டி ஒருவருடையது, அதற்குள் இருக்கும் பெயர் இன்னொருவருடையது. அடிமையாக இருந்தவருக்குப் பத்தாயம் இல்லை, மச்சு இல்லை, ஓலை வைக்கப் பெட்டி இல்லை. அவர் பெயர் மிஞ்சியது அவரை வாங்கியவரின் பெட்டியில்தான். பெட்டியைக் கட்டுக் குலையாமல் காக்க வேண்டும் என்ற பாடத்தை என் முதல் தவறு கற்றுத் தந்தது. அப்படிக் காத்தாலும், பட்டியல் போடும்போது பெட்டிக்காரரின் கண்ணால் மட்டும் பார்த்தால், விற்கப்பட்டவரை நாமும் ஒருமுறை மறைக்கிறோம் என்பது இரண்டாவது தவறு தந்த பாடம். தோள்சீலைப் பெண் எழுதிய தாள் எங்கும் இல்லை என்று முன்பு சொன்னேன். எழுதாதவர்களை, அவர்களைப் பற்றி மற்றவர் எழுதியவற்றுக்குள்தான் தேட வேண்டும். அதற்கு வழி காட்ட வேண்டியது பட்டியல்.

பட்டியலை மறுபடி எழுதுகிறோம். ஒவ்வொரு ஏட்டிலும் வரும் எல்லாப் பெயரும் ஏறுகிறது: விற்றவர், வாங்கியவர், விற்கப்பட்டவர், சாட்சி, எழுதியவர், எல்லை சொல்லும்போது 'இன்னார் வயலுக்கு மேற்கு' என்று போகிறபோக்கில் வருகிறவர், எல்லோரும். ஒரு பெயரில் தேடினால் அவர் வரும் ஏடு கிடைக்க வேண்டும். கட்டின் வரிசையோ ஆச்சி தந்தபடியே நிற்கும். கட்டில் கை வைக்காமல் பட்டியலில் நியாயம் செய்யலாம். இந்த ஒன்றுதான் இத்தனை ஆண்டில் நான் கற்ற தொழில்.

அந்தப் பிள்ளை தேடிய முன்னோரின் பெயர் கிடைத்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். கிடைக்கவில்லை. எங்களிடம் இருப்பவை சில வீடுகளின் கட்டுகள் மட்டும். அவள் குடும்பத்தை வைத்திருந்த வீட்டின் ஓலை எங்கேயாவது மச்சில் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். "கெடைச்சா சொல்லுங்க சார்" என்று போன் நம்பர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்டு முடிக்கிறேன். உங்கள் வீட்டில் ஓலையோ பழைய தாளோ இருந்தால் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. மூலத்தை உரியவரிடமே விட்டுவிட்டுப் படியை மட்டும் எடுத்துக்கொள்ளும் முறை இன்றைக்கு உண்டு. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் 2004 முதல் உலகம் முழுக்க மூலங்களை அந்தந்த நாட்டிலேயே விட்டுவிட்டுப் படிகளைத்தான் சேர்க்கிறது. உங்கள் பொருள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பாலித்தீன் பையிலிருந்து எடுத்துப் பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். பழைய சொத்துத் தகராறு கிளம்புமோ, தாத்தாவின் பெயர் கெடுமோ என்று தயங்குகிறவர்களும் உண்டு. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் தாத்தாவின் பெட்டியில் உங்கள் தாத்தா மட்டும் இல்லை.

மூன்றாவது வரிசை அண்ணாச்சி வீட்டு மச்சில் ஒரு மரப்பெட்டி இருப்பதாக எனக்குத் தெரியும். இன்றைக்கு அதை நான் கேட்கப் போவதில்லை. அண்ணாச்சி, பெட்டி அங்கேயே இருக்கட்டும் வேய். அடுப்புக்கு வேறு விறகு பாரும். கட்டை மட்டும் அவிழ்த்துப்போடாதேயும். நான் ஒருநாள் வாறேன், சேர்ந்து படிப்போம்.